முன்கூண்டு நாய்

நாய்களை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைக் கருணைக் கடல் என்று நினைத்துக்கொண்டு யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம். காப்பகத்தில் நான் சமைக்கிறேன் என்றால், அது என் வீட்டுக்காரரின் தம்பி நடத்துகிற காப்பகம் என்பதால்தான். வீட்டுக்காரர் அங்கே வேன் ஓட்டுகிறார். நான் அடுப்படியில் வேகிறேன். கொழுந்தன் கேட்டருகே நின்று வருகிறவர்களிடம் தேன் ஒழுகப் பேசுகிறான். எங்கள் மூன்று பேரில் சட்டை கசங்காமல் சாப்பிடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

ஊரைத் தாண்டி, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் நீளமான தகரக் கொட்டகை. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள், நடுவில் சிமெண்ட் பாதை, கடைசியில் என் சமையலறை. காலையில் பெரிய அண்டாவில் குருணையும் கோழிக்கடைக் கழிவும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவேன். இறக்கியதும் கரண்டியால் அண்டாவின் விளிம்பில் டங் டங்கென்று தட்டுவேன். கொட்டகையே எழுந்து நிற்கும். கண் தெரியாததும் எழுந்து நிற்கும், நேற்று ஊசி போட்டுக்கொண்டு முனகியதும் எழுந்து நிற்கும். ஒவ்வொரு கூண்டாக ஊற்றிக்கொண்டே போவேன், ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே போவேன். திட்டு இல்லாமல் ஊற்றினால் அவற்றுக்கே சந்தேகம் வந்துவிடும்.

கேட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற கூண்டுக்கு முன்கூண்டு என்று பெயர். அதில் இருக்கிற நாய்க்கு என் அண்டாவில் பங்கு கிடையாது. சாவி கொழுந்தன் இடுப்பில் இருக்கும். சோறும் அவன்தான் போடுவான், அவனுக்குத் தோன்றியபோது, தோன்றிய அளவுக்கு. அந்த நாய் தேறிவிடக் கூடாது. செத்துப்போய்விடவும் கூடாது. விலா எலும்பு வெளியே தெரிய, கண் உள்ளே போய், நின்றால் பின்னங்கால் நடுங்க வேண்டும். காரில் வருகிறவர்கள் இறங்கியதும் அதைப் பார்த்து, "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்த ஐயோவுக்குப் பின்னால்தான் தீவன மூட்டை வரும், மருந்து வரும், பழைய போர்வை வரும்.

"இது அக்கிரமமா தெரியலையா தம்பி?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"ஒண்ணு ஒல்லியா இருக்கறதாலதான் அண்ணி மத்ததெல்லாம் திங்குது. கொழுகொழுன்னு இருக்கறதைக் காட்டினா எவன் குடுப்பான்? நீங்களே சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்வது? கணக்கு சரியாக இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தப்புக் கணக்காக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அப்போது முன்கூண்டில் இருந்தது குச்சி. அந்தப் பெயரும் கொழுந்தன் வைத்ததுதான். அதைப் பார்க்காமல் தாண்டிப்போக நான் பழகியிருந்தேன். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் இருப்பதால் தினமும் குடத்தோடு போக வேண்டும். போகும்போது குடத்தை அந்தப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொள்வேன், மறைப்புக்கு.

என் சமையலறை வாசலில் இன்னொன்று கிடந்தது. பழுப்பு நிறப் பெட்டை. லாரியில் அடிபட்டு, பின்னங்கால் ஒன்று கோணலாகக் கூடிப்போனது. என் வீட்டுக்காரர் வேனில் அள்ளிக்கொண்டு வந்தபோது கூண்டு எதுவும் காலியில்லை, தற்காலிகமாக என் வாசலில் இறக்கிவைத்தார். தற்காலிகம் அப்படியே நிரந்தரம் ஆகிவிட்டது. உள்ளே போக வேண்டுமானால் அதைத் தாண்ட வேண்டும், வெளியே வர வேண்டுமானாலும் தாண்ட வேண்டும். "எழுந்து தொலையேன் சனியனே" என்பேன். எழாது. வாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். வாசற்படி மாதிரியே கிடந்ததால் வாசப்படி என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அண்டாவின் அடியில் தீய்ந்து ஒட்டியிருக்கிற காந்தலைச் சுரண்டினால் முதல் வில்லை அதற்குத்தான். நாய்களைப் பிடிக்காது என்றேனே, அது உண்மை. இதை நான் நாய்க் கணக்கில் சேர்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் கல்லூரிப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை தோறும் ஒரு பஸ். இறங்குகிற அத்தனை பேருக்கும் ஒரே பச்சைச் சட்டை, முதுகில் நாய்ப் பாதம் வரைந்தது. கையுறை, முகமூடி, வாசனைச் சோப்பு. தன்னார்வத் தொண்டர்களாம். நன்றாக இருக்கட்டும். வந்த அன்றே எல்லா நாயையும் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. குளித்த நாய்களெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டு என் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. கொட்டகை முழுக்க மல்லிகை வாசனை, அதற்குள் கோழிக் கழிவு வாசனை. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அவர்களுக்குத் தலைவன் ஒருத்தன். ஒல்லிப் பையன், குரல் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். நான் அவனுக்கு மைக் என்று பெயர் வைத்தேன். எதைச் செய்தாலும் முதலில் போட்டோ எடுப்பான், அப்புறம் செய்வான். சில நேரம் போட்டோவோடு நிறுத்திக்கொள்வான். என்னை "ஆன்ட்டி" என்பான். எனக்கும் அவனுக்கும் என்ன வயசு வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன், பிறகு கண்ணாடியில் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் போட்டோவுக்கு நிற்க மாட்டாள். கண்ணாடி தடிமனாக இருக்கும், அதனால் சோடாப்புட்டி. சத்துணவு சம்பந்தமான படிப்புப் படிக்கிறாள். வந்த முதல் நாள் எல்லோரும் சோப்பும் வாளியுமாக ஓடிக்கொண்டிருக்க, இவள் முன்கூண்டுக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இது ஏன் இப்படி இருக்கு? மத்ததெல்லாம் நல்லா இருக்கே."

இந்தக் கேள்விக்குக் கொழுந்தன் எங்களுக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"அதுக்கு உடம்புல ஒட்டாதும்மா. குடல்ல ஏதோ கோளாறு" என்றேன்.

"டாக்டர் பாத்தாரா?"

"பாத்தாரு, பாத்தாரு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை மாற்றிக்கொண்டேன்.

அவள் நம்பவில்லை. அடுத்த வாரம் பையில் அவித்த முட்டை கொண்டு வந்தாள். கொழுந்தன் மைக்கோடு நின்று பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, முட்டையைப் பிய்த்துப் பிய்த்துக் கம்பி இடுக்கில் ஊட்டினாள். ஒரேயடியாகக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தாள். வார நடுவிலும் தனியாக ஊர் பஸ் பிடித்து வந்தாள். அவள் வருகிற நேரத்துக்கு நான் கொழுந்தனைக் கணக்குக் கேட்கவும் கத்தி தீட்டித் தரவும் சமையலறைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்வேன். அவளாவது கொடுக்கட்டும் என்றுதான். என் கையிலும் அழுக்குப் படக் கூடாது, கொழுந்தனிடமும் பேச்சு வாங்கக் கூடாது.

குச்சி தேற ஆரம்பித்தது. முதலில் கண் வெளியே வந்தது. பிறகு விலா மூடியது. மைக் வாரா வாரம் அதைப் போட்டோ எடுத்து வரிசையாக அடுக்கி எங்கேயோ போட, ஊர்ப்பட்ட பேர் அழுது தீர்த்தார்களாம்.

கொழுந்தனுக்குத் தெரிந்தபோது கொட்டகை அதிர்ந்தது. "எவ என் கூண்டுல கைய வெச்சது?" என்று குதித்தான். ஆனால் அதற்குள் கல்லூரியில் ஏதோ போட்டி, தொண்டர் குழுக்களுக்கான போட்டி, அதன் முதல் சுற்றில் குச்சியின் போட்டோக்கள்தான் முதலிடம். அதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ இரண்டு வேன் நிறையத் தீவனம் வந்து இறங்கியது. கொழுந்தன் குதித்த கால் தரைக்கு வருவதற்குள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம பொண்ணு! தங்கமான பொண்ணு!" என்று சோடாப்புட்டியின் தலையைத் தடவினான்.

குச்சியை அவளே வீட்டுக்குக் கொண்டு போனாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கரண்டியும் கையுமாக நின்று தட்டினேன். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தேன். முன்கூண்டு காலி. குடத்தை எந்த இடுப்பில் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

அந்த நடை ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

போட்டியின் கடைசிச் சுற்றுக்கு நடுவர்கள் நேரிலேயே வரப் போகிறார்களாம். எலும்பும் தோலுமாக ஒரு நாயைத் தங்கள் கண்ணால் பார்ப்பார்களாம், சில மாதம் கழித்து அதே நாயைத் தேறிய பிறகும் பார்ப்பார்களாம். அப்போதுதான் நம்புவார்களாம். மைக் கொழுந்தனுக்குப் போன் போட்டு, "குச்சி மாதிரி இன்னொண்ணு இருக்குல்ல சார்?" என்று கேட்டிருக்கிறான். "ஏன் இல்ல?" என்று இவன் சொல்லியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் கொழுந்தன் கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். துணிக்கடையில் புடவை பார்க்கிறவன் தோற்றான். கிழடுகள் வேண்டாம், பட்டினி போட்டால் செத்துவிடும். குட்டிகள் வேண்டாம், அவற்றைத் தத்துக் கொடுக்கலாம். சீறுகிறவை வேண்டாம், நடுவரைக் கடித்து வைக்கும்.

"எல்லாம் தளதளன்னு இருக்கு. எல்லாம் உங்க கைவண்ணம் அண்ணி" என்று சிரித்துக்கொண்டே என் வாசலுக்கு வந்தான். வந்தவன் குனிந்து பார்த்தான். வாசப்படி வாலைத் தட்டியது.

"யாரைப் பாத்தாலும் வாலாட்டுது. நொண்டி வேற" என்றான்.

நான் குறுக்கே வந்து நின்றேன். "தம்பி, அது வேணாம்."

"ஏன்?"

"அது... அது இங்க எலி வராம பாத்துக்குது."

"எலியா? எழுந்து நிக்கவே யோசிக்கிற நாயா எலி பிடிக்குது?" கழுத்தில் கயிற்றைப் போட்டான். அது எழுந்து நின்றது. நான் அத்தனை நாள் கத்தியும் எழாத சனியன், அவன் ஒரு தடவை இழுத்ததும் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டே பின்னால் போனது. அதை யாரும் அதுவரை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. ஏதோ நல்ல இடத்துக்கு என்று நினைத்திருக்கும்.

வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். அவர் வேனுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க தம்பி செய்யற வேலையப் பாத்தீங்களா? நீங்கதானே அதைத் தூக்கிட்டு வந்தீங்க? ஒரு வார்த்தை கேளுங்க."

"நாய்தானே" என்று வேனுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"நாய்தான். நான் என்ன, உங்க அத்தை மகள்னா சொன்னேன்?"

ஸ்பேனர் சத்தம்தான் வந்தது. தம்பியின் கூரைக்கு அடியில் படுக்கிற மனிதர், தம்பியை எதிர்த்து வாயைத் திறப்பார் என்று எதிர்பார்த்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. "வாசப்படியைத் திறந்துவிடற வரைக்கும் உலை ஏறாது" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொழுந்தன் சண்டைக்கே வரவில்லை.

"சரி அண்ணி. உங்க இஷ்டம். ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டில் உட்கார்ந்தான்.

கஞ்சி நேரம் தாண்டியதும் ஒன்று குரைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொட்டகை மொத்தமும். கண் தெரியாதது மட்டும் குரைக்காமல் கம்பியில் மூக்கை வைத்து என் பக்கமாக மோந்துகொண்டே நின்றது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பேன் என்று கொழுந்தனுக்குத் தெரிந்திருந்தது. உச்சி வெயிலுக்கு முன்னால் அடுப்பு எரிந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கஞ்சி வெந்ததும் பழக்க தோஷத்தில் கரண்டியை எடுத்து அண்டாவில் தட்டிவிட்டேன். முன்கூண்டில் வாசப்படி எழுந்து கம்பியோரம் வந்து நின்றது. நான் வாளியோடு வந்தேன். ஒவ்வொரு கூண்டாக ஊற்றினேன். அது காத்துக்கொண்டிருந்தது. கடைசிக் கூண்டுக்கும் ஊற்றி, வாளியைக் கழுவப் போகும்போதும் வாலாட்டிக்கொண்டுதான் நின்றது. ஏதோ மறந்துவிட்டேன், நினைவு வந்ததும் திரும்பி வருவேன் என்று நின்றது. மறுநாளிலிருந்து நான் அண்டாவைத் தட்டவில்லை.

பொழுது விடிவதற்குள் காந்தலைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் கொடுத்தேன். சோடாப்புட்டி செய்த அதே வேலை. ஆனால் அவளுக்காகக் கொழுந்தனை மடக்கி வைக்க நான் இருந்தேன், எனக்காக யாரும் இல்லை. அவன் பிடித்துவிட்டான். கத்தவில்லை. என் முந்தானை முடிச்சைப் பார்த்தான், வீட்டுக்காரரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, நடுவருங்க வர்றதுக்குள்ள இதுக்குச் சதை பிடிச்சா எனக்கு உபயோகமில்ல. வேன்ல ஏத்தி நெடுஞ்சாலையில விட்டுட்டு வந்துடு. ஒத்தக் காலை இழுத்துக்கிட்டு எத்தனை லாரிக்குத் தப்பிக்குதுன்னு பாப்போம். என்ன, சரிதானே?"

வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் வேன் டயரைப் பார்த்தார். "சரிடா" என்றார்.

அவர் செய்வார். அது எனக்குத் தெரியும். அழுதுகொண்டே ஆனாலும் செய்வார். காந்தல் எடுத்துப்போவதை அன்றோடு விட்டேன். இப்போது எனக்கு ஒரே நம்பிக்கை சனிக்கிழமைதான்.

பஸ் வந்தது. பச்சைச் சட்டைகள் இறங்கின. முன்கூண்டைப் பார்த்து ஐயோ, அம்மா என்று கூட்டமாக ஒரு சத்தம். வாசப்படிக்கு விலா தெரிய ஆரம்பித்திருந்தது. கோணல் கால் இப்போது இன்னும் கோணலாகத் தெரிந்தது. மைக் தரையில் படுத்து, நிமிர்ந்து, மரத்தில் ஏறி, எல்லாக் கோணத்திலும் எடுத்துத் தள்ளினான்.

சோடாப்புட்டியைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன். மைக்கும் பின்னாலேயே வந்தான். வரட்டும் என்று விட்டேன். குடல் கோளாறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, சாவி யார் இடுப்பில், சோறு யார் கையில், குச்சி எதனால் குச்சியாக இருந்தது, இவள் அதைத் தேற்றியதால் எது அந்த இடத்துக்கு வந்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். மூச்சு வாங்கியது. இந்த வாயால் என் குடும்பமே தெருவுக்கு வரலாம் என்று தெரிந்துதான் கொட்டினேன்.

சோடாப்புட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. "என்னாலதானாக்கா? நான் குச்சிக்குப் போட்டதாலதானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையெல்லாம் கோழி நாற்றம், அவள் விடவில்லை.

மைக் அழவில்லை. கதவைச் சாத்தினான்.

"ஆன்ட்டி, இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டான். அந்தப் பையன் மெல்லப் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

"இல்ல."

"சொல்லாதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

"நாங்க பாத்துக்கறோம்கா" என்று அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதால் நம்பினேன். அந்த வாரம் முழுக்க முன்கூண்டைத் தாண்டும்போது குடத்தை மாற்றவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தாண்டி, பொறுத்துக்கோ, பெரிய பெரிய படிப்புப் படிச்ச பிள்ளைங்க வருதுங்க" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே போவேன். அது வாலாட்டும். எழுந்து ஆட்டுவதை விட்டுவிட்டுப் படுத்தபடியே ஆட்டப் பழகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பஸ் வருவதற்கு முன்பே ஒரு கார் வந்தது. சோடாப்புட்டி இறங்கினாள். கையில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் குச்சி. அடையாளமே தெரியவில்லை, அப்படி ஒரு மினுமினுப்பு. ஆனால் கேட்டுக்குள் கால் வைத்ததும் முன்கூண்டைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவள் இழுக்க இழுக்க நகரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

"பாருங்கக்கா, பழைய வீட்டை ஞாபகம் வெச்சிருக்கு!" என்றாள். அதைத் திரும்பக் காரில் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு தராசையும் பையையும் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கொழுந்தனும் கூடவே வந்தான். அவன் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"சார்கிட்டப் பேசிட்டோம்கா" என்றாள் சோடாப்புட்டி.

"எதைப் பேசினீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். கோவப்படாம கேட்டுக்கிட்டாரு. வெளிய சொன்னா காப்பகத்தையே மூடிடுவாங்கக்கா. அப்புறம் இத்தனை நாய்ங்க எங்க போகும்? எங்க ப்ராஜெக்டும் போயிடும், குச்சியோட கதையே பொய்னு ஆயிடும். அதனால ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். வாசப்படிக்கு எந்த ஆபத்தும் வராது, அதுக்கு நான் பொறுப்பு."

பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள். ரோஜா நிறத்தில், கைப்பிடி வைத்த சின்ன பிளாஸ்டிக் கோப்பை. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

"அதோட எடைக்கு எவ்வளவு வேணும்னு கணக்குப் போட்டுட்டேன். காலையில இதால ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தலைதட்டிப் போடணும், குவிச்சுப் போடக் கூடாது. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. எடையும் ஏறாது. நடுவருங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும்தான். போன வாரம் மாதிரி அவர் இஷ்டத்துக்குப் பட்டினி போட்டா ஏதாவது ஆயிடும்னு பயமா இருந்துச்சுக்கா. இப்ப எல்லாம் முறையா நடக்கும்."

"முறையா" என்றேன்.

"ஆமாக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை நானே வந்து எடை பாத்துடுவேன்."

"நடுவருங்க எப்ப வராங்க?"

அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "பரீட்சை இருக்கறதால கொஞ்சம் தள்ளி வெச்சிருக்காங்க. தேதி சொல்லல."

எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது. மைக்காக இருந்தால் அறைந்திருப்பேன். இவள் அழுதவள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். இரவெல்லாம் உட்கார்ந்து அந்த நாய் சாகாமல் இருக்கக் கணக்குப் போட்டவள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"அப்ப சாவியைப் புடிங்க அண்ணி" என்றான் கொழுந்தன். முன்கூண்டுச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றி, ரோஜா நிறக் கோப்பைக்குள் போட்டு, கோப்பையை என் கையில் வைத்தான். "இனிமே நீங்கதான் போடணும். பொண்ணு அப்படித்தான் சொல்லுது."

"உங்களைத்தானேக்கா அது நம்புது" என்றாள் அவள். "வேற யாராவது போட்டா பயந்து சாப்பிடாது, எடை ரொம்ப இறங்கிடும். உங்க கையால போட்டாதான் சரியா வரும்."

கொழுந்தன் என் காதருகில் குனிந்தான். "எடை ஏறுச்சுன்னா வேன் ரெடியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து, "எங்க அண்ணிக்கு நாய்னா உசுரு" என்று சிரித்தான்.

பஸ் வந்தது. வாசப்படியைத் தராசில் தூக்கி வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், சோடாப்புட்டி அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். வெயில் சாய்வதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள்.

சாயங்காலக் கஞ்சியை மற்றக் கூண்டுகளுக்கெல்லாம் ஊற்றி முடித்தேன். அண்டாவின் அடியில் காந்தல் இருந்தது. அதைச் சுரண்டாமல் தண்ணீரை ஊற்றி ஊறவைத்தேன். பிறகு வாளியும் கோப்பையுமாக முன்கூண்டைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

அது எழுந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு எழுந்து நின்று வாலாட்டியது. நான் வந்தேவிட்டேன் என்று தொண்டைக்குள் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு என் முழங்காலில் தலையை முட்டியது. "எழுந்து தொலைஞ்சியா சனியனே" என்றேன். கோப்பையை வாளிக்குள் விட்டு எடுத்தேன். குவிந்து வந்தது. ஆள்காட்டி விரலால் விளிம்போடு வழித்து, குவியலைத் திரும்ப வாளியில் தள்ளினேன். மிச்சத்தைத் தட்டில் கொட்டினேன். அது ஒரே நக்கில் முடித்துவிட்டு நிமிர்ந்து என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தது.

கோப்பையின் வெளிப்புறத்தில் கொஞ்சம் கஞ்சி வழிந்து ஒட்டியிருந்தது. அதை நக்குவதற்காக என் கைக்கு எக்கியது. விரலிலும் கொஞ்சம் இருந்தது. சனிக்கிழமை தராசு வரும். கோப்பையை இழுத்துக்கொண்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.